இருபத்திரண்டு பைட்

பல மென்பொருள்கள் கடன் வாங்கும் பொது நிரல் லைப்ரரி எங்களுடையது. ஒரு சொல் பத்து இடங்களில் தேவைப்பட்டால் பத்துப் பிரதி எடுப்பதா, ஒன்றையே பத்து இடமும் பகிர்வதா? இரண்டையும் ஒப்பிட்டு அறிக்கை எழுதியது நான். பகிர்வதுதான் மூன்று மடங்கு வேகம் என்று வண்ணப் படமெல்லாம் போட்டு அசத்தியிருந்தேன். எதிர் இருக்கைக்காரி மட்டும் "பிரதி எடு" என்று கத்தினாள். அவளுக்கு ஜெராக்ஸ் என்று பெயர் வைத்துச் சிரித்தோம்.

இன்று காலை பத்தரைக்கு ஜெராக்ஸ் சிரிக்காமல் வந்தாள்.

"ஏய் மேதாவி, தமிழ்ல சோதிச்சியா?"

"எந்த மொழியா இருந்தா என்ன?"

போன வாரம் எங்கள் லைப்ரரியின் பகிரும் புதுப் பதிப்பை ஏற்றிக்கொண்ட கண் மருத்துவமனையின் படிவத்திலிருந்து 'இடது கண்' என்பதை எடுத்து இரண்டு நோயாளிகளுக்குப் பகிர்ந்தாள். ஒருவருக்கு மட்டும் 'வலது கண்' என்று மாற்றினாள்; மாற்றும்போது லைப்ரரி தானே தனிப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். எட்டு முறை சரியாக எடுத்தது. ஒன்பதாவது முறை இருவருக்கும் வலது.

கணினியில் பதினைந்து பைட் இடத்துக்குள் அடங்கும் சொல்லை லைப்ரரி பகிராது, பிரதியே எடுக்கும். வேகத்தை நீளமான சொற்களில் அளந்த நான், பிழை பார்த்ததோ ஆங்கிலக் குட்டிச் சொற்களில். ஆங்கிலத்தில் இடது கண் எட்டு பைட். தமிழில் இருபத்திரண்டு.

அந்த மருத்துவமனையில்தான் பதினொரு மணிக்கு என் அக்காவுக்கு அறுவை சிகிச்சை. இடது கண்.

பூட்டு எண்ணை மூன்று முறை தப்பாக அடித்துத்தான் போனைத் திறந்தேன். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.

"என்னடா, சொத்தப் பிரிக்கவா?"

"அக்கா, அங்க கம்ப்யூட்டர் திரைல உனக்கு எந்தக் கண்ணுன்னு போட்டிருக்கு?"

"திரை தெரிஞ்சா நான் ஏன்டா இங்க வரேன்?"

"விளையாடாதக்கா! நர்ஸக் கேளு!"

செருப்புச் சத்தம். அப்புறம் நர்ஸின் குரல்: "வலதுன்னு இருக்கும்மா. அதப் பாத்துதான் அந்தக் கண்ணுக்கு மேல நெத்தில அம்புக்குறி போட வந்தேன்."

"போடாதீங்க! இன்னிக்கு யாருக்குமே திரையப் பாத்துப் போடாதீங்க!" அது நான் கத்தியதுதான் என்று அலுவலகமே திரும்பிப் பார்த்தபோது புரிந்தது.

நர்ஸ் பேனாவை மூடிவிட்டு, எல்லாரையும் காகிதக் கோப்போடு சரிபார்க்க ஓடினாளாம்.

"நீ பாத்த வேலையாடா?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"சின்னதுல என் நோட்ட வாங்கிக் கிறுக்குவ. இன்னும் விடலையா?"

ஜெராக்ஸ் அதற்குள் மருத்துவமனையில் லைப்ரரியின் பழைய பதிப்பைத் திருப்பி ஏற்றச் சொல்லிவிட்டாள். நான் அறிக்கையைத் திறந்து முடிவை அழித்தேன். 'பிரதி' என்று அடித்தேன். அவசரத்தில் அது இரண்டு முறை விழுந்தது.

இரண்டாவதை அழிக்கவில்லை.