நிறுத்தி வைத்த விளக்கு

அது தொண்ணூற்றொன்பதில் தீபாவளிக்கு முன்பா, கழிந்த பிறகா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. தெங்கேராவில் அன்று மழை பெய்ததா என்பதும் ஐயம்தான். உஷாராணி விசைப்பலகையில் 'க'வை அழுத்திவிட்டு, அது திரையில் வருவதற்காகக் காத்திருந்தாள் என்பது மட்டும் உறுதி.

கல்யாணக் கார்டு, திருவிழா நோட்டீஸ், கருமாதி அறிவிப்பு என்று தமிழில் தட்டெழுதிக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. அதற்கான மென்பொருளை எழுதியவன் அவள் கணவன் கணேஸ்வரன். அவன் இறந்த சில மாதங்களில் அவனுடைய பழைய கணினியும் படுத்துவிட்டது. புதியதில் அந்த மென்பொருள் ஏறவில்லை. ரிப்பேர் கடை கோகுலராஜ்தான் பழையதில் இருந்ததை அப்படியே எடுத்து, புதியதன் திரைக்குள் ஒரு ஜன்னலில் ஓடவைத்துக் கொடுத்தான்.

"கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கம்ப்யூட்டர்க்கா. உள்ள இருக்கிறதுக்குத் தான் உள்ள இருக்கிறதே தெரியாது," என்று சிரித்தான். உஷாராணி சிரிக்கவில்லை. அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

ஜன்னலுக்குள் எல்லாம் ஊர்ந்தது. புக்கிட் காத்தில் என்ற ஊரின் கல்யாண வீட்டார் இரண்டு தடவை வந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். "அடுத்த வாட்டியும் முடியலன்னா வேற கடைக்குக் குடுத்திடுவோம்மா," என்று சொல்லிவிட்டுப் போனாள் பெண்ணின் தாய். உஷாராணிக்கு வேறு வேலை தெரியாது.

மறுபடி வந்த கோகுலராஜ், உள்ளே ஓடிய கணினிக்கு மெமரியைக் கூட்டிக் கொடுத்தான். வெளியே இருந்தது திணறியது. குறைத்தான். அப்போதும் எழுத்து நகரவில்லை.

"உள்ள வேற ஏதாச்சும் ஓடுதாக்கா?"

"இல்ல தம்பி."

அவன் தமிழ் தட்டெழுதும் திரையைச் சுருக்கிக் கீழே இறக்கினான். அதன் பின்னால் ஒரு குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. கணேஸ்வரன் தன் கடைசித் தீபாவளிக்கு அவளுக்காகப் புள்ளி புள்ளியாக வரைந்தது. ஐந்து சுடர்களும் தனித்தனியே அசைந்தன.

"இதுதான்லா. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முழுப் படத்தையும் திரும்ப வரையுது. பழைய கம்ப்யூட்டர் தாங்கிக்கிச்சு. இப்படி உள்ளுக்குள்ள ஓடுறப்ப தாங்காது." அம்புக்குறி மூலையிலிருந்த பெருக்கல் குறியை நோக்கிப் போனது.

"அணைச்சிடாத."

சாமி விளக்கை அவள் ஒருநாளும் ஊதி அணைத்ததில்லை. பூவின் காம்பால் திரியை மெல்ல உள்ளிழுத்துக் குளிரவைப்பாள். இதை எந்தப் பூவால் குளிரவைப்பது? அது பின்னால் எரிவது தெரிந்தேதான் ஒவ்வொரு எழுத்துக்கும் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பில் வீட்டுக்குள் இன்னொருவர் இருப்பதுபோல் இருக்கும்.

ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்துக்கொண்டு தெருவைக் கடந்தது.

"அப்ப ஒன்னு செய்றேன்கா. உள்ள இருக்கிறத இன்னொரு காப்பி எடுக்கிறேன். காப்பில விளக்கில்லாம வேல பாருங்க. இத மட்டும் இப்படியே நிறுத்தி வெச்சிடலாம். அணைக்கிறதில்ல. எழுப்பினா விட்ட எடத்திலேருந்து எரியும்."

"நிறுத்தினது அதுக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. அதுக்கு நேரமே போயிருக்காது."

காப்பி முடிந்ததும், "தள்ளு, நானே அமுக்குறேன்," என்றாள்.

சுடர்கள் நின்றன. நான்கு நேராக, ஓரத்துச் சுடர் மட்டும் காற்றில் சாய்ந்தபடி. கோகுலராஜ் போன பிறகு காப்பியில் 'க'வை அழுத்தினாள். உடனே வந்து நின்றது. காத்திருக்க எதுவுமில்லை.

கல்யாணக் கார்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கோகுலராஜ் பிறகு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். உஷாராணி கண் மங்கும்வரை தட்டெழுதினாள்; இப்போது தஞ்சோங் கிளிங்கில் தங்கை வீட்டில் இருக்கிறாள். விளக்கை அவள் ஒருமுறையும் எழுப்பவில்லை. துணி போர்த்திய அந்தக் கணினி அவள் கட்டிலருகே இருக்கிறது, உள்ளே ஒரு சுடர் சாய்ந்தபடி.