ரிவர்ஸ் கியரில் ஒரு வீடியோ கேம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. பருத்திப்பட்டில் இருக்கும் என் சிநேகிதன் நாகேந்திரன் சொன்னது. அதையும் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். மீதிக்கு நான் அல்லாடிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஆயுத பூஜையன்று காலை வானம்…’ வேண்டாம். வானத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

2

பழைய வீடியோ கேம்களெல்லாம் அடங்கிய, உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினான் நாகேந்திரன். அதைக் காரில் மாட்ட வேண்டும் என்று கொள்ளை ஆசை. ஸ்டீரியோ திரைக்கு வெளியிலிருந்து படம் வர ஒரே ஒரு துளைதான். அதில், காருக்குப் பின்னால் இருப்பதைக் காட்டும் ரிவர்ஸ் கேமராவின் ஒயர் இருந்தது. பிடுங்கிவிட்டு இதைச் சொருகினான். ரிவர்ஸ் கியர் போட்டால் திரையில் கேமரா படத்துக்குப் பதில் கேம் வரும்!

“இன்னாய்யா பண்ணிக்கினு கீற?” என்றாள் மனைவி தாட்சாயிணி.

“செம மேட்டரு. வந்து பாரேன்.”

“நாளைக்குப் பூஜய வச்சிக்கினு… போய்யா.”

(இங்கே அவனை முட்டாளாகக் காட்டிவிடலாமா என்று யோசித்தேன். அவன் முட்டாள் இல்லை. கேமராவைத் திரும்ப மாட்டத்தான் இருந்தான், மறந்துவிட்டான். நீங்களும் மறந்திருப்பீர்கள்.)

3

மறுநாள் கற்பூரம் காட்டியாயிற்று. சந்து குறுகல், கார் பின்பக்கமாகத்தான் வெளியே வரும். அதனால் எலுமிச்சம்பழம் பின்சக்கரத்துக்கு அடியில். அதை வைக்கத் தாட்சாயிணி குனிந்தாள்.

நாகேந்திரன் ரிவர்ஸ் போட்டான். பழக்கத்தில் கண் திரைக்குப் போனது. அகலமான சாலை, ஒரு ஈ காக்கா இல்லை. அது கேமில் ஓடும் சாலை என்று மண்டைக்கு எட்டுவதற்குள் கால் கிளட்ச்சை விட்டுவிட்டது.

டயருக்கடியில் ஏதோ நசுங்கியது.

4

முடிவு ஒன்று: பழம்.

முடிவு இரண்டு: அவளுடைய வலது கை… [இதை அடித்துவிட்டேன்.]

நடந்தது முதலாவதுதான். அடுத்த பழத்தை எடுக்க அப்போதுதான் எழுந்து நகர்ந்திருந்தாள். “ஒடம்பே ஆடிப்போச்சு மாமே” என்றான் நாகேந்திரன்.

அவள் கார் ஜன்னலருகே வந்தாள். திரையில் இப்போது குட்டிக் கார் ஒன்று ஜோராகப் பறந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தாள்.

“இதுல நான் எங்கய்யா கீறேன்?”

அவள் இப்படிக் கேட்டதை என்னிடம் சொல்லிவிட்டுத்தான் நாகேந்திரன் எழுந்து போனான். அவளுக்கு என்ன பதில் சொன்னானோ தெரியாது. நான் எழுதிப் பார்த்த பதிலெல்லாம் வெறும் சமாளிப்பு. உங்களிடம் ஒன்று இருந்தால் அவளிடமே சொல்லுங்கள். இன்னும் அவள் காரில் ஏறவில்லை.