ஆனா செல்லாத தெரு

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் விலை முடிந்த பிறகு யாராவது ‘ஆனா’ என்று இழுத்தால் அது செல்லாது. சட்டத்தை யார் போட்டார்களோ தெரியாது. அதை வைத்து இருபது வருடமாக நான் நன்றாகப் பிழைக்கிறேன்.

எங்கள் சந்தில் ஒரு நேரத்துக்கு ஒரு லாரிதான் நுழையும். பன்னிரண்டு கடை, யார் சரக்கு முதலில் இறங்குவது என்று தினமும் அடிதடி. காலையில் கடை எண்களைக் குலுக்கி வரிசை சொல்ல ஒரு பெட்டி வாங்குவது என்று சங்கம் முடிவெடுத்தது. பேரம் பேச என்னை அனுப்பியது. வேறு யாரை அனுப்பும்?

பெட்டி செய்தவள் சுப்ரியா. பாலக்காட்டுப் பெண், காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை.

“உள்ளே கெர்னல்னு ஒண்ணு இருக்கு மாமா. மொத்தப் பெட்டியையும் மேய்க்கறது அதுதான். ரேண்டம் நம்பர் ஜெனரேட்டரை அதிலேர்ந்து பிரிச்சுத் தனி மாட்யூலா ஆக்கியிருக்கேன். அதுக்கொரு குட்டி சிப்பும் உண்டு. வேணும்னா மாட்டலாம், வேண்டாம்னா கழட்டலாம்.”

விற்கிறவர் வாயிலிருந்து ‘கழட்டலாம்’ வந்துவிட்டால் அப்புறம் என் காது வேறெதையும் கேட்காது.

“கழட்டினா பெட்டி ஓடுமா?”

“ஓடும்.”

“அப்போ கழட்டிடு. ஜெனரேட்டர் எங்கிட்டயே ரெண்டு இருக்கு, டீசல். ஆயிரத்தைந்நூறு குறை.”

“ஐயோ, அந்த ஜெனரேட்டர் இல்லே மாமா. சரி, குறைக்கறேன், ஆனா—”

“முடிஞ்சாச்சு,” என்றேன்.

ஜூன் பிறந்தது. என் கடை ஒன்பதாம் எண். முதல் நாள் கடைசி. மறுநாளும் கடைசி. அதற்கடுத்த நாளும். பத்து மணியானால் மழை. லாரியில் தார்ப்பாய்க்கு அடியில் என் சுக்கு மூட்டைகள் பூசணம் பிடிக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆறாம் நாள், சுமை இறக்கும் சங்கிலிப்பாண்டி வந்தார். தேனிக்காரர்.

“கல்யாணராமன் மொதலாளி, பெட்டி நேத்துப் படிச்ச பாட்டத்தான் இன்னிக்கும் படிக்குது. நாலு, பதினொண்ணு, ரெண்டு... கடைசியில ஒம்பது. இத நானே சொல்லிருவேனே. எனக்குக் கரண்டும் வேணாம், ஒரு சாயா போதும்.”

மறுநாள் நாற்பது மூட்டை வருகிறது. இன்னொரு கடைசி வந்தால் பாதி உரக்குழிக்குத்தான். சுப்ரியாவுக்குப் போன் போட்டேன்.

“அன்னைக்கு அந்த ‘ஆனா’வைச் சொல்ல விட்டேளா? குலுக்கறதே அந்த ஜெனரேட்டர்தான் மாமா. அது இல்லேன்னா தினம் ஸ்விட்ச் போட்டதும் ஒரே எண்ணிலேர்ந்து தொடங்கும், ஒரே வரிசைதான் வரும்.”

“இப்போ மாட்ட முடியுமா?”

“கழட்ட முடிஞ்சா மாட்டவும் முடியும். மூவாயிரம்.”

“ஆயிரத்தைந்நூறுக்குத்தானேடி கழட்டினே?”

“முடிஞ்சாச்சு,” என்றாள்.

சாயங்காலமே வந்து மாட்டிவிட்டுப் போனாள். காலையில் தெருவே பெட்டி முன்னால் நின்றது. ஆறு, ஒன்று, பன்னிரண்டு... புது வரிசை, சுத்தமான குலுக்கல். ஒன்பது கடைசி.

“நேத்து வரைக்கும் சும்மா கடைசி,” என்றார் சங்கிலிப்பாண்டி. “இன்னிக்கு நியாயமாக் கடைசி, மொதலாளி.”

வெலிங்டன் தீவுக்கு மேலே வானம் கறுத்திருந்தது. ஆறாம் எண், ஏலக்காய் நிகில். அவன் லாரி இன்னும் அந்தத் தீவையே தாண்டவில்லை. போன் போட்டேன்.

“உன் முதல் எனக்கு, என் கடைசி உனக்கு. சம்மதமா?”

“ஓகே சேட்டா, எடுத்தோ. பக்ஷே—”

பக்ஷே என்பது மலையாளத்து ஆனா. போனை வைத்துவிட்டு, “இறக்குங்கோ!” என்று கத்தினேன்.