வலது காதுக்குப் பக்கத்தில்

“எல்லாம் வந்திருச்சுப்பா. நானூத்திப் பன்னெண்டு. ஒண்ணுகூடக் குறையல.”

மகன் புது மடிக்கணினியைக் கட்டிலருகே தூக்கிப் பிடித்தான். கோப்புகள் திரையின் இடது ஓரத்திலிருந்து, காலை வழிபாட்டுக்கு நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசை கட்டி நின்றன. அப்பா கண்களைச் சுருக்கிப் பார்த்தார்.

“அம்மா எங்க?”

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பழைய கணினியின் திரை முழுக்க அம்மாவின் படம் இருந்தது. ஏரிக்கரைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அவள் போய் ஆறு வருடமாகியும் அப்பா அதை மாற்றவில்லை. கோப்புகளை அவளைச் சுற்றித்தான் வைத்திருந்தார். வீட்டுப் பத்திரம் கைப்பைக்குப் பக்கத்தில், மருந்துச் சீட்டுகள் முழங்காலருகே. பெயர் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: புதியது 1, புதியது 2. முப்பத்தோரு வருடம் தபால் பிரித்த மனிதர். எது எங்கே என்பது அவர் கைக்குத் தெரியும், பெயர் எதற்கு?

“வலது காதுக்குப் பக்கத்துல ஒண்ணு இருக்கும். அதைத் திற. ரெண்டு மாசமா எழுதல.”

“என்னப்பா அது?”

அவருக்கு மூச்சு வாங்கியது. காலையில் வந்துபோன செவிலி, “இன்னைக்கு எங்கயும் போகாதீங்க” என்று அக்காவிடம் தனியே சொல்லியிருந்தாள்.

கூடத்தில் அக்கா குரலைத் தாழ்த்தினாள். “பழசைப் போட்டுப் பாரேன்டா.”

“நேத்தே எல்லாத்தையும் அழிச்சுட்டேன். யாருக்காவது கொடுக்கலாம்னு.”

“பொறக்கறதுக்கே ரெண்டு வாரம் அவசரப்பட்டவன்தானே நீ.”

அவன் ஒவ்வொன்றாகத் திறந்தான். மாற்றியபோது எல்லாவற்றிலும் நேற்றைய தேதியே விழுந்திருந்தது. தேதி வைத்தும் தேட வழியில்லை. குளிர்பதனப் பெட்டியின் உத்தரவாதச் சீட்டு. அவனுடைய எட்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். அக்காவின் பழைய பேருந்து அட்டை. உள்ளேயிருந்து “கிடைச்சுதா?” என்ற குரல் இரண்டு முறை வந்தது. இரண்டாவது முறை அது காற்றாகத்தான் இருந்தது.

“இருடா, இரு,” என்றாள் அக்கா. கைப்பேசியில், போன பிறந்தநாளுக்கு அப்பாவை எடுத்த படம். கணினிமுன் உட்கார்ந்தபடி திரும்பிச் சிரிக்கிறார். அவர் தோளுக்குப் பின்னால் திரை. இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். அம்மாவின் முகம், காது, பக்கத்தில் மங்கலாக ஓர் எண்.

“இருநூத்தி ஏழா, இருநூத்திப் பதினேழா?”

ஏழு, ஒரு மின்விசிறியின் ரசீது. பதினேழைத் திறந்தான்.

நாளுக்கு ஒரு வரி.

மழை. உன் குடையைத்தான் எடுத்துப் போனேன்.

இன்னொரு பல்லும் போயிற்று. பார்த்தால் சிரிப்பாய்.

மகன் போன் செய்யவில்லை. வேலையாக இருப்பான்.

அந்தக் கடைசி வரி திரும்பத் திரும்ப வந்தது. அவன் வேகமாகக் கீழே தள்ளிக்கொண்டு கட்டிலுக்குப் போனான்.

“கிடைச்சிருச்சுப்பா. சொல்லுங்க, எழுதறேன்.”

அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “தம்பி புது மிஷின் கொண்டாந்திருக்கான்.” மூச்சை இழுத்துவிட்டுத் தொடர்ந்தார். “உன்னைத்தான் எங்கயோ தொலைச்சுட்டான். தேடிக்கிட்டிருக்கோம்.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அப்படியே போடவாப்பா?”

“அப்படியே போடு.”

அவன் அடித்து முடித்து நிமிர்ந்தபோது அவர் தூங்கியிருந்தார். நாலு மணிக்கு அந்தத் தூக்கத்திலேயே மூச்சு நின்றது.

உறவினர்கள் வந்துசேர இன்னும் நேரமிருந்தது. அக்கா ஒவ்வொருவராக அழைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் கோப்புகளுக்கிடையில் அம்மாவின் படத்தைக் கண்டுபிடித்துத் திரை முழுக்கப் போட்டான். அக்காவின் கைப்பேசியைப் பக்கத்தில் சாய்த்து வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக நகர்த்தினான். முதலில் காது. பிறகு கைப்பை, முழங்கால்.

அக்கா பின்னால் வந்து நின்றாள். “பெஞ்சுல பாதி காலியாத்தானே கிடக்கு. மிச்சத்தை அங்க போடேன்.”

அவன் கைப்பேசியைப் பார்த்தான். அப்பா அங்கே ஒரு கோப்பைக்கூட வைத்திருக்கவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில், அன்று படமெடுக்க எழுந்துபோன அப்பா விட்டுச்சென்ற தொப்பி மட்டும் கிடந்தது.

“அது வேணாம்க்கா,” என்றான். தொப்பியின் மேல் வந்து விழுந்திருந்த ஒரு கோப்பைப் பிடித்து, ஏரித் தண்ணீர்ப் பக்கமாக இழுத்து வைத்தான்.