மூச்சுவிட்ட மூன்று ஏக்கர்

கெங்குவார்பட்டியில் கோட்டைச்சாமியின் மூன்று ஏக்கர் தோட்டம் 1997 சித்திரையில் மூச்சுவிடத் தொடங்கியது. சுருளிவேல் தன் டிராக்டரில் சட்டிக்கலப்பை போட்டு மண்ணைப் புரட்டியதும் கணுக்கால் உயரத்துக்கு வெதுவெதுப்பாக ஒரு பெருமூச்சு எழுந்தது. வரப்பில் குந்தி அவன் பற்றவைத்த தீக்குச்சி அதில் அணைந்துபோனது. மலையடிவாரத்துக் காட்டு மண்ணும் மூச்சுவிட்டது என்றாலும் அது விட்டதைத் திரும்ப இழுத்துக்கொண்டது. தோட்டத்து மண் விட்டதோடு சரி. ஊர்க்காரர்கள் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

அந்த மூச்சில் பால் வாசனை இருந்ததைக் கோட்டைச்சாமியின் மனைவி அக்கம்மாள் மட்டும்தான் கண்டுகொண்டாள். எட்டு வருஷத்துக்கு முன், ஏழு மாதக் குழந்தையாக இறந்த மகள் பூமாரியை, பச்சைப்பிள்ளையை எரிக்கக் கூடாது என்று அந்தத் தோட்டத்து மூலையில்தான் புதைத்திருந்தார்கள். பாவம், பெற்ற மனசு. வருஷத்துக்கு இரண்டு உழவு வாழைக்குப் போதும் என்ற இடத்தில், அந்த வாசனைக்காக அவள் ஐந்து கேட்டாள். அவள் சிரித்தே எட்டு வருஷமாகியிருந்ததால் கோட்டைச்சாமியும் மறுபேச்சில்லாமல் உழவைத்தான். மண் வெறுமையாக இருந்தால் வாசனை தெளிவாக வருமென்று சருகையெல்லாம் கொளுத்தினார்கள். வருஷத்துக்கு ஒரு விரல் கணக்கில் நிலம் தாழ்ந்தது, தார் சிறுத்தது. விவசாய ஆபீசிலிருந்து வந்தவர் மண்ணைச் சோதித்து, இலைதழை மக்கிய சத்து நூற்றில் அரைப் பங்குகூட இல்லை, புரட்டப் புரட்ட அது கரியமிலவாயுவாகிக் காற்றோடு போய்விடுகிறது என்று பொறுமையாகச் சொன்னார். வாசனையைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை.

2004 ஆடியில், அந்த வருஷத்து ஐந்தாவது உழவன்று, அக்கம்மாள் உழவுசாலில் முகத்தை வைத்துப் படுத்தாள். புழுதிதான் வந்தது. எழுந்துபோய் டிராக்டரை மறித்தாள்.

"போதும்ப்பா சுருளிவேலு. எம்பிள்ளைய நானே உழுது தீத்துட்டேன்."

எதைத் தின்பது என்று கோட்டைச்சாமி கேட்கவில்லை. பெரியகுளத்து மாந்தோப்புகளுக்குக் கூலிக்குப் போனான். ஆறு வருஷம் அந்த நிலத்தில் கலப்பை இறங்கவில்லை. சணப்பை விதைத்து, அதையே மடக்கிப் போட்டு, சருகும் சாணமுமாக மூடி, நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார்கள்.

2010 ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், நிலம் மூச்சை உள்ளே இழுத்தது. வேலியோரக் கோவைக்கொடிகள் உள்பக்கம் சாய்ந்தன. அக்கம்மாளின் முந்தானை பூமாரியைப் புதைத்த மூலைப் பக்கமாக இழுபட்டது.

"வாசன வருதா?" என்று கோட்டைச்சாமி கேட்டான்.

"வரல. உள்ளதான் இருக்கா."

அந்தப் பக்கமாகப் போகிறவர்கள் இப்போது கொஞ்சம் குரலைத் தணித்துப் பேசுகிறார்கள்.