அடி தெரியும் தண்ணீர்

கழுவெளி ஏரிக்குள் சதீஷ் வெகுதூரம் நடந்துவிட்டான். தண்ணீர் இன்னும் இடுப்பைத் தொடவில்லை. முதுகில் காற்றுச் சிலிண்டர் கனத்தது. கரையில் டிவிஎஸ் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவன் மனைவி ஜெயா கத்தினாள்.

"இன்னும் எவ்ளோ தூரம் நடப்பீங்க? அந்தாண்ட கரையே வந்துடும்போல!"

அந்த வருஷம் கொட்டிய மழையில் கழுவெளி கடல் மாதிரி ஆகிவிட்டதாக ஊரே பேசியது. அதை நம்பித்தான் வந்திருந்தான். மழை விட்டு இரண்டு மாதத்துக்குள் அது பழையபடி கொக்கு நிற்கும் ஆழத்துக்கு வந்துவிட்டது.

சதீஷ் மரக்காணத்தை ஒட்டிய குப்பத்துக்காரன். அந்தமானில் ஒரு டைவிங் கடையில் இருந்துகொண்டு, வருகிறவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய் ஸ்கூபா டைவிங் சொல்லிக்கொடுத்தவன். சுனாமிக்குப் பிறகு அந்தக் கடையை மூடிவிட்டார்கள். முதலாளி கொடுத்தனுப்பிய இரண்டு செட் சாமானோடு ஊருக்கு வந்தவன், இங்கேயே டைவிங் பள்ளிக்கூடம் தொடங்கப்போவதாகச் சொன்னான். புதுச்சேரிக் கல்லூரி ஒன்றில் வேலை பார்க்கும் நிவேதா, கூட வேலை செய்கிறவர்களையும் சேர்த்துக்கொண்டு கற்றுக்கொள்ளத் தயாராக இருந்தாள். இங்கத்துக் கடலோ கலங்கல். உள்ளே போனால் தன் கையே தனக்குத் தெரியாது. புதிதாகக் கற்பவர்களை அதில் எப்படி இறக்குவது? அசையாத, ஆழமான, தெளிந்த தண்ணீர் வேண்டும். அதைத்தான் உள்நாட்டுப் பக்கம் தேடிக்கொண்டிருந்தான்.

பிரம்மதேசம் பக்கத்து ஏரியில் ஆழம் இருந்தது. ஆனால் தண்ணீர் பூராவும் செம்மண் கரைசல். அவன் வெளியே வந்தபோது கரையில் கூட்டம் கூடியிருந்தது.

"ஏம்பா, யாரு விழுந்துட்டாங்க?"

"யாரும் விழலிங்க. சும்மா பாக்கத்தான் எறங்கினேன்."

"சும்மா பாக்க எதுக்குப்பா இவ்ளோ சாமான்?"

யாரும் நம்பவில்லை. காலையில் போன புருஷன் இன்னும் வீடு திரும்பவில்லையென்று ஒரு பெண் மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். டீக்கடையிலிருந்து அந்த ஆள் பீடியோடு வந்து நின்ற பிறகுதான் இவர்களை விட்டார்கள்.

"பொணம் எடுக்கறவன்னே பேரு வந்துடும்" என்றாள் ஜெயா வண்டியில் ஏறியபடி. சதீஷ் ஒவ்வொரு முறை இறங்கிப் பார்க்கும்போதும் சிலிண்டரில் காற்று குறைந்தது. திரும்ப நிரப்ப மெட்ராசுக்குத்தான் தூக்கிக்கொண்டு போகவேண்டும். நிவேதாவிடமிருந்து போன் வந்தபடி இருந்தது. "அடுத்த வாரம் மேடம்" என்று சொல்லிச் சொல்லி அவனுக்கே அலுத்துவிட்டது.

கடைசியில் வானூர்ப் பக்கம் ஒரு கல்குவாரி கிடைத்தது. வெட்டிய பாறைச் சுவர்களுக்கு நடுவே மழைத்தண்ணீர் பச்சை நிறத்தில் அடங்கிக் கிடந்தது. சதீஷ் ஒரு கல்லைப் போட்டான். அது மினுக்கிக்கொண்டே இறங்கி அடியில் போய் உட்காரும்வரை தெரிந்தது. உடனே நிவேதாவுக்குப் போன் போட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லிவிட்டான்.

குவாரி முதலாளி தட்சணாமூர்த்தி வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தாராளமா எடத்த யூஸ் பண்ணிக்கப்பா. எனக்கு ஒண்ணே ஒண்ணு செஞ்சி குடு. மழையில என் ஆயில் இன்ஜின் உள்ள மாட்டிக்கிச்சி. கயிறு மட்டும் கட்டிவிடு, டிராக்டர் வெச்சி இழுத்துக்கறேன்."

சதீஷ் உள்ளே போனான். ஜெயா கரையில் குந்தி, அவன் இடுப்பில் கட்டிய, இழுத்துச் சைகை காட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சுனாமியில் தன் அக்கா வசந்தாவை அலை கொண்டுபோன நாளிலிருந்து ஜெயா கடலில் கால் நனைத்ததில்லை. இங்கேயும் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தாள். அப்புறம் மெல்லக் குனிந்து பார்த்தாள். அடியில் அவன் இன்ஜினைச் சுற்றிவந்து முடிச்சுப் போடுவது அப்படியே தெரிந்தது. டிராக்டர் உறுமியது. சேறு வழிய இன்ஜின் மேலே வந்தது. தட்சணாமூர்த்தி சதீஷின் தோளைத் தட்டி, சோடா வாங்கிக் கொடுத்தார்.

சனிக்கிழமை, மறுநாளைக்கு எல்லாம் சரிபார்க்க இருவரும் வந்தபோது தூரத்திலேயே சத்தம் கேட்டது. கழுவித் துடைத்த இன்ஜின் பாறை விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தது. பருமனான குழாய் வழியாகப் பச்சைத் தண்ணீர் வெளியே கொட்டி, பக்கத்து நிலத்துக்குப் பாய்ந்தது. குவாரியில் பாதிக்குமேல் காலி.

"இன்னாங்க இது? எடம் தர்றேன்னு சொன்னீங்களே!" என்றான் சதீஷ்.

"எடம் அங்கதான இருக்குது? தண்ணி தர்றேன்னு சொன்னனா?" தட்சணாமூர்த்திக்குக் கோபமே வரவில்லை. "கல்லு எடுக்காம குவாரி எதுக்குப்பா? வாடகைக்கு மோட்டார் எடுக்கலாம்னு இருந்தேன். நீயே வந்து நம்ம இன்ஜின எடுத்துக் குடுத்துட்ட."

சதீஷ் கத்தினான். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னான். அவர் காதில் கை வைத்து, இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை என்று காட்டினார். சதீஷ் கையிலிருந்த, நீந்தக் காலில் மாட்டும் ரப்பர் துடுப்பைப் பாறையில் விட்டெறிந்துவிட்டு நிவேதாவுக்குப் போன் போட்டான். அவள் திட்டவில்லை. "பரவால்ல சார், எடம் கெடச்சா சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஜெயா துடுப்பை எடுத்து வந்தாள். "சிலிண்டர்ல காத்து இருக்குதா?"

"இருக்குது. இனிமே யாருக்கு?"

"எனக்கு. இருக்கற தண்ணியில கூட்டிப் போங்க."

அவன் அவளை உற்றுப் பார்த்தான். புடவைக்குள் சுடிதார் பேன்ட் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். வாயில் வைக்கும் குழாயை எப்படிக் கடிக்கவேண்டும், எப்படி மூச்சு விடவேண்டும் என்று சிடுசிடுத்தபடியே சொல்லிக்கொடுத்தான். ஆளுக்கொரு செட்டை மாட்டிக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். அவள் நகம் அவன் மணிக்கட்டில் பதிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பிடி தளர்ந்தது. அடிப்பாறையை அவள் உள்ளங்கையால் தொட்டாள்.

மேலே வந்ததும் இருமிக்கொண்டே சொன்னாள்: "அடியிலகூட அந்தாளு இன்ஜின் சத்தந்தாங்க கேக்குது."

"எல்லாத்தயும் கெடுத்துட்டான் பாவி."

"திண்டிவனம் பக்கம் பெருசா ஒரு குவாரி இருக்குதாம். வண்டிய எடுங்க."

"அங்கயும் எவனாவது மோட்டார் போட்டு வெச்சிருப்பான்."

"போய்ப் பாத்துட்டுத் திட்டுங்க" என்று ஈரத் தலையை முடிந்துகொண்டு, ஒரு சிலிண்டரை வண்டியின் முன்னால் சாய்த்து, மற்றதை மடியில் வைத்தபடி வண்டியில் உட்கார்ந்தாள். டிவிஎஸ் மூன்றாவது உதையில்தான் கிளம்பியது.