கழுத்து மாறிய மணி

எங்கள் நாரணாபுரத்து ஆடுகளுக்கு வெடிச்சத்தம் பழகிய ஒன்று. பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் புதுச் சரக்கை வெட்டவெளியில் வெடித்துப் பார்க்கும்போது வெளியூர் ஆட்கள் காதைப் பொத்துவார்கள். எங்கள் செம்மறிகள் தலையைக்கூட நிமிர்த்தாது. அதனாலேயே அன்றைக்கு நடந்ததை இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம், ஆடி மாதம். மழை பொய்த்து, விதைத்த கம்பெல்லாம் கருகிப்போயிருந்தது. எங்களுக்கு மிஞ்சியது ஆட்டுமந்தை ஒன்றுதான். அதுவும் போனால் அடுப்பில் பூனை தூங்கும் என்கிற நிலைமை.

மந்தையை மேய்ப்பது என் கொழுந்தன் கண்ணுச்சாமி. பேருக்குத்தான் அவன். உண்மையில் நடத்துவது கருப்பி என்கிற கிழட்டு வெள்ளாடு. அதன் கழுத்தில் ஒரு வெண்கல மணி கட்டியிருந்தோம். செம்மறி குனிந்த தலை நிமிராது. முன்னால் போகிற ஆட்டின் காலைப் பார்க்கும், மணிச்சத்தத்தைக் கேட்கும், போகும். வழியில் சுற்றுச்சுவர் இல்லாத ஒரு பாறைக் கிணறு உண்டு. தண்ணீர் வற்றி அடிப்பாறை தெரியும். கருப்பி அதை விட்டு விலகி நடக்கும், மந்தையும் விலகி நடக்கும்.

என் வீட்டுக்காரர் அம்மையில் கிடந்து பிழைத்ததற்காக, இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஒரு கிடா நேர்ந்திருந்தோம். மல்லாங்கிணற்றிலிருந்து என் பிறந்த வீட்டார் கொடுத்த கிடா. கஞ்சியும் பிண்ணாக்கும் தின்று கொழுத்த உடம்பு. வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கோயிலுக்குப் புறப்படும் முன் நேர்த்திக் கிடா மந்தைக்கு முன்னால் ஒருதடவை நடக்க வேண்டும், அப்போதுதான் மந்தை பெருகும் என்பது என் புகுந்த வீட்டு வழக்கம்.

காலையில் கிடாவுக்கு மஞ்சள் தெளித்து மாலை போட்டோம். இவர் சும்மா இருந்திருக்கலாம்.

"ஆத்தாளுக்குப் போற கிடா வெறுங்கழுத்தோடயா போகும்? ஏலே கண்ணுச்சாமி, கருப்பி மணியை அவுத்து இதுக்குக் கட்டுலே" என்றார்.

"அது மந்தைக்கு உள்ள மணிங்க. இதுக்கு வேற ஒன்னு வாங்கிக் கட்டுவோமே" என்றேன்.

"சாமி காரியத்துல குறுக்கே பேசாத."

கண்ணுச்சாமி மணியை மாற்றிக் கட்டினான். கிடா மணியோடு முன்னால் நடந்தது. கண்ணுச்சாமி கயிற்றைப் பிடித்திருந்தான். மந்தை பின்னால் வந்தது, இவரும் நானும் ஓரமாக நடந்தோம். கருப்பி வெறுங்கழுத்தோடு எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது.

கிணற்றுக்குப் பக்கத்தில் வரும்போது கம்பெனிப் பக்கம் வெடித்தார்கள். மல்லாங்கிணற்றுக் கிடாவுக்கு அந்தச் சத்தம் புதிது. ஒரே துள்ளலில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, கிணற்றின் மூலையைத் தாண்டி அந்தக் கரையில் போய் விழுந்து எழுந்தது. நின்று வெடவெடவென்று நடுங்கியது. நடுக்கத்தில் மணி விடாமல் அடித்தது.

எங்கள் ஆடுகள் வெடிக்குப் பயப்படவில்லை. பயந்து சிதறியிருந்தால்கூடப் பாதி பிழைத்திருக்கும். தினமும் மேயப் போகிற அதே நடையில் வந்தன. முதல் ஆடு கிடா தாண்டிய இடத்திலேயே தாண்டியது. காய்ந்த சருகு தின்ற ஆட்டுக்கு அவ்வளவு தூரம் தாண்ட வலு ஏது? உள்ளே போனது. அடுத்ததும் அதே இடத்தில் கால் வைத்துத் தாவியது. அதற்கடுத்ததும் அப்படியே. ஒன்றாவது நிற்க வேண்டுமே! கீழே பாறையில் விழுகிற சத்தம் கேட்டும் நிற்கவில்லை.

"ஐயோ, மறிலே! மறி!" என்று இவர் கத்தினார். அண்ணனும் தம்பியும் விளிம்பில் கையை விரித்து நின்றார்கள். ஆடுகள் அவர்கள் கால் இடுக்கில் நுழைந்து தாவின. அந்தக் கரையில் மணி அடித்துக்கொண்டே இருப்பது அப்போதுதான் காதில் உறைத்தது.

கிணற்றைச் சுற்றி ஓடினேன். கிடாவின் கழுத்தைக் கட்டிப்பிடித்து, மணிக்குள் விரல்களைக் கொடுத்து நாக்கை இறுக்கினேன்.

சத்தம் நின்றது. எதிர்க்கரையில் தாவப்போன ஆடு அப்படியே நின்றது. அதன் பின்னால் ஒரு சின்னக் கூட்டம்தான் பாக்கி. கருப்பி அவற்றுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தது. மந்தை அவ்வளவுதான்.

கண்ணுச்சாமி மிச்ச ஆடுகளைத் தொழுவுக்கு ஓட்டிப்போனான். நான் மணியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். விரல் மட்டும் மணிக்குள்ளேயே இருந்தது. இவர் வந்து எதிரில் குத்தவைத்தார்.

"விடு, வீரலட்சுமி. மிச்ச ஆடெல்லாம் தொழுவுக்குப் போயிருச்சு. இனி ஒன்னும் ஆகாது."

எனக்கும் விடத்தான் ஆசை. விரல் வரவில்லை. அவரே ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். கடைசி விரல் விலகியதும் மணி நழுவி ஒருதடவை அடித்தது.

கிணற்றுக்குள் ஏதோ புரளும் சத்தம் கேட்டது. இருவரும் எட்டிப் பார்த்தோம். கால் ஒடிந்து கிடந்த ஆடுகள், மணிச்சத்தம் கேட்டு எழுந்து நடக்கப் பார்த்தன.